மேசைமேல் இருந்து பிடில் வாசித்தவள்

"நீங்கள் முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்தவர்தானே, பிறகு எப்படி அந்த அமெரிக்கக் கூத்துக்குள்ளே போனீர்கள்?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் மூக்குநுனியில் கோபம் வந்துவிடும். கூத்தாம் கூத்து! அப்படிக் கேட்டவர்களில் பாதிப் பேர் தங்கள் கலியாணத்தில் என் வாசிப்புக்கு ஆடிக் காலைச் சுளுக்கிக்கொண்டவர்கள். ஆடும்போது இனித்தது, பிறகு கூத்தாகிவிட்டது.

புளூகிராஸ் என்பது அமெரிக்காவில் மலைப்பக்கத்து ஆட்களின் வாத்திய இசை. பேஞ்சோ, கிட்டார், பிடில் எல்லாம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். இந்தப் பெயரெல்லாம் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியும். திருகோணமலையில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் கப்பல் பாட்டு. கப்பலில் வந்தபடியால் கப்பல் பாட்டு, அவ்வளவுதான்.

எங்கள் வீடு துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் இருந்தது. அப்பா சுங்கத்தில் கிளாக்கர். அடுத்த வீட்டில் போர்த்துக்கேயர் வழிவந்த ஒரு பறங்கிக் குடும்பம். அந்த அங்கிள் துறைமுகப் பட்டறையில் தச்சு வேலை செய்தார். பேஞ்சோ வாசிப்பார். அன்ரி கிட்டார் வாசிப்பார், சமையல் பாதியில் நிற்க வாசிப்பார், கறி அடிப்பிடித்தாலும் வாசிப்பார். ஒருநாள் ஒரு அமெரிக்கக் கப்பல்காரன் கழுத்து வெடித்த பேஞ்சோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு அங்கிளிடம் வந்தான். அங்கிள் அதை ஒட்டி, இழைத்து, வெடிப்பு இருந்த இடமே தெரியாமல் கொடுத்தார். அவன் சந்தோஷத்தில் ஒரு பெரிய இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அங்கிளிடம் இருந்த பாட்டுப்பெட்டி பழையது. தட்டு எவ்வளவு வேகத்தில் சுற்றவேண்டும் என்று மாற்றுகிற ஒரு சின்னப் பிடி அதில் இருந்தது. அது ஆடிக்கொண்டே இருந்தபடியால் அங்கிள் ஒரு மர ஆப்பை இறுக்கி வைத்து அதைச் சரிப்படுத்தியிருந்தார். அங்கிளின் கை பட்ட சாமான் பிறகு அசையாது. வீட்டில் இருந்த மற்ற இசைத்தட்டுகள் எல்லாம் சின்னவை, ஆடுவதற்கான பைலாப் பாட்டுகள். ஆப்பு அவற்றுக்குச் சரியாக இருந்தது.

நான் அப்போது படிப்பை முடித்து, சங்கீத ரீச்சர் வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் வர்ணம் வாசித்துக்கொண்டிருக்கையில் அடுத்த வீட்டுக் குசினி யன்னலால் ஒரு பிடில் சத்தம் வந்தது. முதலில் எனக்கு வந்தது ஆசையில்லை, எரிச்சல். என்னைவிட வேகமாக இந்த ஒழுங்கையில் யார் வாசிப்பது? பிடிலையும் வில்லையும் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து போனேன். போனவள் போனவள்தான். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தவேண்டி வந்தது.

அந்தத் தட்டில் வாசித்த பிடில்காரன் தந்திகளைச் சேர்த்திருந்த விதம் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஸ, ப, ஸ, ப என்று நாங்கள் சுருதி சேர்ப்போமே, அதே மாதிரி. ஒரு தந்தியில் மெட்டுப் போக, பக்கத்துத் தந்தி சும்மா கூடவே பாடிக்கொண்டிருக்கும். எனக்கு அது சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. ஆனால் வேகம்! எங்களுக்கு முதலாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏறிப் போகிற வழக்கம் இருக்கிறது. இவர்கள் நேரே மூன்றாம் காலத்தில் பிறந்தவர்கள் போலிருந்தார்கள். என் விரல் நுனியெல்லாம் கன்றிப்போயிற்று. விட்டேனா? அவன் மனிதன்தானே, நானும் மனுசிதானே. ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து பிடித்துவிட்டேன். அங்கிளும் பேஞ்சோவில் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துவிட்டார்.

பாட்டு நடுவில் ஒரு பெண்பிள்ளை பாடும். கீச்சுக் குரல், ஆனால் துணிச்சலான குரல். தட்டின் உறையில் இருந்த படத்தில் தொப்பி போட்ட ஆண்கள் மட்டும்தான் நின்றார்கள். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை.

"பாடுறவளைப் படத்தில போடாமல் விட்டிட்டினம், பாத்தீங்களா அன்ரி? எல்லா இடமும் ஒண்டுதான்!" என்றேன்.

"அவளுக்கு வீட்டில விட்டிருக்க மாட்டினம் மகள்," என்று அன்ரி அந்த முகம் தெரியாத பெண்ணுக்காகப் பெருமூச்சு விட்டார்.

எங்கள் குழுவுக்கு நாலாவது ஆளாக வந்தவர் கிண்ணியாக் காக்கா. முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். தோணியில் இக்கரைக்கு வந்து ஒழுங்கை ஒழுங்கையாக நண்டும் இறாலும் விற்பவர். ஒருநாள் வாசல் படலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து நாங்கள் வாசிப்பதைக் கேட்டார். கை சும்மா இருக்கவில்லை, கதிரையின் பலகையில் தட்டத் தொடங்கிவிட்டார். அடுத்த கிழமை தன் றபான் மேளத்தோடு வந்தார். "இது என்னகா புள்ளே, பேய் தொரத்துறாப் போல ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே தாளத்தைக் கப்பென்று பிடித்தவர் அவர். அன்றைக்கு வாங்கவேண்டிய நண்டை எல்லோரும் மறந்தோம், பூனை மறக்கவில்லை.

முதல் கலியாணம் பாலையூற்றுப் பக்கம், அன்ரியின் சொந்தத்தில். மற்ற மூன்று பேரும் நின்றுகொண்டு வாசிப்பார்கள். எனக்கு நின்று வாசிக்க ஏலாது. சப்பாணி கட்டி இருந்து, பிடிலின் தலையைக் குதிக்காலில் ஊன்றி வாசித்தே பழகியவள் நான். பாய் விரித்துத் தரையில் இருந்தேன். ஆட்டம் தொடங்கியதும் சப்பாத்துக் கால்கள் என் மூக்குக்கு முன்னால் பறந்தன. ஒருத்தர் என் வில்லை மிதிக்கப் பார்த்தார். நான் வாசிப்பை நிறுத்திவிட்டு அவரை ஏசத் தொடங்கினேன், மாப்பிள்ளையின் தகப்பன் என்று எனக்கென்ன தெரியும்? அன்ரி ஓடிவந்து, "ஐயோ, பிள்ளையை மேசைமேல ஏத்துங்கோ!" என்று கத்தினார். கேக் வைத்திருந்த மேசையைத் துடைத்து, பாயை அதன்மேல் விரித்து என்னை ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்களைக் கூப்பிடுகிற வீட்டில் முதலில் தேடுவது ஒரு பலமான மேசை.

அந்த வேகத்துக்கு ஆடத் தொடக்கத்தில் ஒருத்தருக்கும் முடியவில்லை. காலைத் தூக்கினால் திரும்ப வைக்க நேரம் இல்லை. எங்கள் ஊர்ச் சனம் இதற்கெல்லாம் சளைத்ததா? காலைத் தூக்காமலே ஆட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாதத்தை நிலத்தோடு தேய்த்து, குறுக்கடி குறுக்கடியாக, தோளை மட்டும் குலுக்கி ஆடுவார்கள். சுடுமணலில் நடப்பது மாதிரி இருக்கும். பறங்கிக் கலியாணங்களில் தொடங்கிப் பிறகு மற்ற வீடுகளிலும் பிறந்தநாள் அது இது என்று கப்பல் பாட்டு பரவிவிட்டது.

இதெல்லாம் அப்பாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? அதற்குள் எனக்கு ரீச்சர் வேலையும் கிடைத்திருந்தது. கிளாக்கரின் மகள், பள்ளிக்கூட ரீச்சர், மேசைமேல் ஏறியிருந்து பிடில் வாசிக்கிறாள் என்று கந்தோரில் நாலு பேர் கதைத்திருக்கிறார்கள். அப்பா கத்துகிற மனிதர் இல்லை. கத்தினால் நானும் கத்தி முடித்துவிடுவேன். அவர் கேள்வி கேட்பார், அதுதான் கரைச்சல். இது என்ன, எங்கேயிருந்து வந்தது, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுக் கேட்டே உத்தியோகம் பார்த்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"பிள்ளை, அந்த வீட்டாரோட எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல மனிசர். ஆனா நீ வாசிக்கிறது என்ன?"

"அமெரிக்காக்காரரின்ர சங்கீதம் அப்பா."

"ஆர் சொன்னது?"

"தட்டில கேட்டுப் படிச்சனாங்கள்."

"கேட்டுப் படிச்சது சரியெண்டு ஆர் சொன்னது? ஒழுங்காப் படிச்ச சங்கீதத்தை ஒரு பக்கத்தில வைச்சிட்டு, நாலு பேர் சேர்ந்து பகிடி பண்ணிக்கொண்டு திரியிறியளோ எண்டுதான் எனக்கு யோசினை."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பகிடியோ? விரலைப் பாருங்கோ!" என்று கையை நீட்டினேன். அவர் விரலைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வாற கிழமை ஒரு அமெரிக்கக் கப்பல் வருகுது. அதில வாத்தியக்காரரும் வருகினமாம், நகர மண்டபத்தில வாசிக்கப் போகினம். அவையளுக்கு முன்னால வாசிச்சுக் காட்டு. இது எங்கட சங்கீதம்தான் எண்டு அவையள் ஒரு சொல்லுச் சொன்னால், நீ உன்ர விருப்பத்துக்கு வாசி. நான் வாய் திறக்க மாட்டன். இல்லையெண்டு சொன்னால் விட்டிட வேணும்."

"ஓம்!" என்றேன், யோசிக்காமலே. அப்பா ஒரு சொல் சொன்னால் அது கல்லில் வெட்டினது. எனக்கும் அது தெரியும். ஆனால் எனக்கு என்ன பயம்? தட்டில் இருந்ததை இம்மி பிசகாமல் பிடித்து வைத்திருந்தேனே. தோற்றால் என்னவாகும் என்று இரவு படுக்கும்போதுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் சரளி வரிசை, வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த மூன்று பேரோடு வாசிக்கிற சனிக்கிழமைகள்தான் என் முழுச் சந்தோஷமும். அது போனால் நான் செத்துப்போக மாட்டேன்தான், ஆனால் நல்லாய் இருக்கவும் மாட்டேன்.

கப்பல் வந்தது. நகர மண்டபத்தில் பின்னேரம் நாலு மணிக்கே சனம் நிறைந்துவிட்டது. மேடையில் கப்பல்காரர்கள் பேஞ்சோ, கிட்டார், பிடிலோடு ஏறினார்கள். பிடில்காரன் நெட்டையன், சிரித்த முகம். வில்லைப் போட்டான். எங்கள் தட்டில் முதலாவதாக வருகிற அதே மெட்டு! நான் அன்ரியின் கையை இறுக்கிப் பிடித்தேன். பிறகு மெல்ல விட்டேன். மெட்டு அதுதான், ஆனால் ஆற அமர வந்தது. எங்கள் பாட்டு ஓடும், இது நடந்தது.

"பாவம், சுகமில்லைப் போல," என்றார் அன்ரி காதுக்குள்.

"கப்பல்ல வந்த களைப்பு," என்றார் காக்கா.

நடுவில் பாட்டு வந்தது. அதே சொற்கள். பாடியது கட்டைக் குரலில் ஒரு ஆண். அந்தப் பெண்பிள்ளை எங்கே? நான் திரும்பி அங்கிளைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போய்த் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகள்," என்றார், "அந்த ஆப்பு."

சின்னத் தட்டு கெதியாகச் சுற்றவேண்டியது, பெரிய தட்டு மெல்லச் சுற்றவேண்டியது. பெரிய தட்டைச் சின்னத் தட்டின் வேகத்தில் சுற்றவிட்டுக் கேட்டிருக்கிறோம். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, இத்தனை காலமும்!

யோசிக்க நேரம் தராமல், அப்பா முதலே சொல்லி வைத்திருந்தபடி எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடையில் மேசையைப் போட்டார்கள், ஏறி இருந்தேன். கப்பல்காரர்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒரு வேகம்தான். அதில் வாசித்தோம். ஒரு கப்பல்காரன் ஆட எழும்பி, கால் பின்னிக் கதிரையோடு விழுந்தான். நெட்டையன் தன் பிடிலை எடுத்துக்கொண்டு கூடவே வாசிக்க வந்தான். இரண்டு சுற்றோடு வில்லை இறக்கிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். முடிந்ததும் என் தந்திகளைத் தட்டிப் பார்த்து, பழைய மெட்டுகளுக்குத் தாங்களும் இப்படித்தான் சுருதி சேர்ப்பதாகச் சொன்னான். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அதற்குள் அப்பா மேடைக்குக் கிட்ட வந்துவிட்டார். கந்தோரில் கதைக்கிற அதே நிதானமான இங்கிலீசில், "இது உங்கள் நாட்டுச் சங்கீதம்தானா?" என்று அவனைக் கேட்டார்.

"இல்லை ஐயா," என்றான் அவன், முகம் முழுக்கச் சந்தோஷத்தோடு. "எங்கள் நாட்டில் இப்படி ஒன்றை நான் ஒருநாளும் கேட்டதில்லை!"

அவன் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அவனை மேடையிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது. ஒரு "ஓம்" சொன்னால் அவனுக்கு என்ன குறைந்துவிடும்? அப்பா நன்றி சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் வந்தேன். கடற்கரைக் காற்றில் அவருடைய சேட்டு உப்பிக்கொண்டிருந்தது. படலையடியில் நின்றார்.

"சனிக்கிழமை ஒரு கலியாணத்துக்கு வாறம் எண்டு சொல்லிப்போட்டியள் என்ன?"

"ஓம் அப்பா."

"சொன்னால் போகத்தான் வேணும். நானும் வாறன். அதோட விட்டிடு பிள்ளை."

நான் அழுதேனா? நன்றாக அழுதேன். காலமை எழும்பும்போது எனக்கு வேறு எண்ணம் வந்துவிட்டது. இது அவர்களுடையது இல்லை என்பதுதானே குற்றம்? அப்படியானால் அவர்களுடையதாகவே வாசித்துக் காட்டுகிறேன். அங்கிள் ஆப்பை உளியால் அடித்துக் கழற்றினார். தட்டு அதன் சரியான வேகத்தில் சுற்றியது. நாங்கள் அவ்வளவு காலமும் பரிதாபப்பட்ட அந்தப் பெண்பிள்ளை, நல்ல தொந்தியுள்ள ஒரு ஆளின் குரலில் பாடத் தொடங்கினாள். அன்ரி சிரித்துச் சிரித்துக் குசினி நிலத்திலேயே இருந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை, அவ்வளவு கவலைக்குள்ளேயும்.

அந்தக் கிழமை முழுக்க மெல்ல வாசிக்கப் பழகினோம். வேகமாக வாசிக்கிறதைவிட அது பெரிய வேதனை. "ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம் புள்ளே," என்று காக்கா புறுபுறுத்தார். ஆனால் விட்டாரா? எனக்காகப் பழகினார். எல்லோரும் எனக்காகப் பழகினார்கள்.

சனிக்கிழமை பின்னேரம், பாலையூற்றில் தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டு முற்றம். அப்பா வெள்ளைச் சேட்டோடு முன்வரிசைக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் மேசைமேல் ஏறினேன். நெட்டையன் வாசித்த அதே நடையில், அப்படியே, ஒரு இழை கூடாமல் குறையாமல் வாசித்தேன்.

மாப்பிள்ளையும் பெண்ணும் ஆட எழும்பி, தோளைக் குலுக்கிவிட்டு நின்றார்கள். குறுக்கடி வைத்தால் தாளம் இன்னும் வந்து சேரவில்லை. காலைத் தூக்கினால் பழக்கமில்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் நின்றுவிட்டார்கள். "என்னப்பா, கரண்ட் குறைஞ்சு போச்சோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சனம் சிரித்தது. நான் யாரையும் பார்க்கவில்லை, அப்பாவை மட்டும் பார்த்து வாசித்தேன். பாருங்கோ அப்பா, இதுதான் அது, பிழையில்லாமல் வாசிக்கிறேன். இரண்டாவது மெட்டையும் அதே நடையில் தொடங்கினேன். முற்றம் செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

அப்பா எழும்பினார். நேரே மேசையடிக்கு வந்தார். என்னை இறக்கிக்கொண்டு போகப் போகிறார் என்றே நினைத்தேன். வில் தானாக நின்றுவிட்டது.

"என்ன பிள்ளை வாசிக்கிறாய்?"

"இதுதான் அப்பா சரியானது. அவையள் இப்பிடித்தான் வாசிக்கிறவை. நீங்களும் கேட்டனீங்கள்தானே."

"கேட்டனான்," என்றார். முற்றத்தில் சும்மா நின்ற சனத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "உது அவையளின்ர. கப்பல் வாற நேரமெல்லாம் வந்து இறங்கும். மற்றது ஒரு கப்பலிலயும் வராது." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அதை வாசி."

"விட்டிடச் சொன்னனீங்கள்."

"நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. இப்ப இதைச் சொல்லுறன். கெதியா வாசி பிள்ளை, சனம் நிக்குது."

காக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அவருடைய கை றபானில் விழுந்துவிட்டது. அங்கிளின் பேஞ்சோ வெடித்துக்கொண்டு கிளம்பியது. எண்பதாம் ஆண்டு கடந்து, அங்கிளும் அன்ரியும் பிள்ளைகளோடு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்வரைக்கும் நாங்கள் அந்த வேகத்தைக் குறைக்கவில்லை. எத்தனையோ முற்றங்களில் வாசித்தேன். ஆனால் எனக்கு அந்த ஒரு பின்னேரம்தான் பின்னேரம். சனம் எல்லாம் ஒரேயடியாக ஆடத் தொடங்க நிலம் அதிர்ந்தது, மேசை கிடுகிடுவென்று ஆடியது. எனக்கு ஆடவும் ஏலாது, இறங்கவும் ஏலாது. குனிந்து பார்த்தேன். அப்பா தன் கதிரைக்குப் போகவில்லை. நான் விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.